ஒரு நாள் முந்தி

மருந்து விற்கும் நிறுவனம் ஒன்றில் அவளுக்கு வேலை. இணையதளத்தில் வருபவரும் கைப்பேசிச் செயலியில் வருபவரும் ஒரே ஆள்தானா என்று பார்த்து, இரண்டு பதிவுகளையும் ஒன்றாக இணைக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை பக்கத்து இருக்கைக்காரன் கூப்பிட்டான். "அக்கா, உங்க ரெண்டு பதிவையும் சேர்த்துட்டேன்."

"நான் இணையதளம் பக்கமே போனதில்லையே. எல்லாம் போன்லதான்."

"உங்க பேரு, வீட்டு முகவரி, பாப்பா பேரு, எல்லாம் அச்சு அசலா இருக்கே!"

அவள் எழுந்துபோய்ப் பார்த்தாள். மகளுக்குக் காய்ச்சல் மருந்தை அவள் கைப்பேசியில் வாங்கியது ஆறாம் தேதி, மாலை ஆறு நாற்பதுக்கு. இணையதளத்தில் அதே மருந்து, அதே நேரத்தில், ஐந்தாம் தேதியே வாங்கப்பட்டிருந்தது. ஐந்தாம் தேதி மகளுக்குக் காய்ச்சலே இல்லை. இருமல் மருந்தும் முழங்கால் காயத்துக்கான களிம்பும்கூட அப்படித்தான், ஒரு நாள் முந்தி.

இணையதளப் பதிவின் கடைசி வரி நேற்றையது. மாலை நான்கு பத்துக்கு, குடும்பப் பட்டியலிலிருந்து மகளின் பெயர் நீக்கப்பட்டிருந்தது.

அவள் விடுப்பு சொல்லிவிட்டு நேராகப் பள்ளிக்குப் போய் மகளை அழைத்துவந்தாள். வீட்டுக் கதவைத் தாழிட்டாள். கைப்பேசியிலிருந்து அந்தச் செயலியையே அழித்தாள். பிறகு மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மணி நான்கு எட்டு ஆனது.

"வலிக்குது, விடும்மா."

"இன்னும் ரெண்டு நிமிஷந்தான் கண்ணு."

"ரெண்டு நிமிஷம் கழிச்சு?" என்று கேட்டாள் மகள்.