எட்டு ஆண்டு சாதனை

சும்மா இருந்ததற்கெல்லாமா கைதட்டுவார்கள் என்று அவள் மனம் கேட்டது.

எச்.ஐ.வி. ஆராய்ச்சி மையத்தின் ஆண்டு விழா மேடையில் டாக்டர் பூரித்துப் போயிருந்தார். "கணவருக்குத் தொற்று இருந்தும் எட்டு வருஷமா இவங்களுக்கு ஒட்டல. ஒருநாள்கூட அவர் மாத்திரையைத் தவறவிட்டதில்ல!"

"எல்லாம் இவளுக்காகத்தான் சார்" என்று குழைந்த கணவன், அவள் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்தான். "சிரிச்சுத் தொலையேன்டி."

டாக்டர் மைக்கை நீட்டினார். "இந்த ஆராய்ச்சிக்கே நீங்கதாம்மா அத்தாட்சி. உங்க குடும்ப வாழ்க்கையைப் பத்தி நாலு வார்த்தை பேசுங்க."

அவள் மைக்கை வாங்கவில்லை.

"என்னை விட்டுடுங்க டாக்டர்" என்றாள் மெதுவாக. "முன்வரிசையில என் தங்கச்சி உட்கார்ந்திருக்கா. அவளைக் கூப்பிடுங்க. எட்டு வருஷமா இவர் படுக்கை அவ வீட்டுலதான்."