பதிலுக்கு நின்றவர்கள்

உலக மக்களுக்கு ஓர் அறிவிப்பு: மிசிசிப்பி நதியின் மாபெரும் காதல் இன்று பிற்பகல் மூன்று மணிக்கு, கலிபோர்னியாவில், சாப்பாட்டு இடைவேளை முடிந்த கையோடு நிறைவேறும்.

நதி என்பது சினிமா ஸ்டூடியோவுக்குள் கட்டிய மூன்றடி ஆழமுள்ள சிமெண்ட் தொட்டி. நீராவிப் படகுக்கு ஒரு பக்கம்தான் உண்டு. இல்லாத மறுபக்கத்தில் தச்சர்கள் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

காட்சி இதுதான். எல்லா ஆட்டத்தையும் தோற்ற சூதாடி, படகின் கைப்பிடியோரம் நிற்கும் சீமாட்டியிடம் ‘என்னோட வந்துடு’ என்கிறான். அவள் ‘வர்றேன்’ என்கிறாள். இந்த மூன்று சொற்களை எழுத ஐந்து எழுத்தாளர்கள் தேவைப்பட்டார்கள்.

சூதாடியாக நடிப்பவர் தன் அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். சீமாட்டிக்கு முடியலங்காரம் நடந்துகொண்டிருந்தது. விளக்குகளைச் சரிபார்க்கும் ஒன்றரை மணி நேரமும் அவர்களுக்குப் பதிலாகக் கட்டிப்பிடித்து நின்றவர்கள் எல்மர் பிரூயிட்டும் இர்மா லிண்ட்குவிஸ்ட்டும்.

அதுதான் அவர்கள் தொழில். எல்மரின் மொத்தத் திறமையும் ஆறடி ஒரு அங்குலம், நாயகனின் உயரம்.

பாலைவனக் கூடாரம், கொள்ளையர் கப்பல், பனிமலை என்று பதினோரு படங்களில் அவன் இர்மாவைக் கட்டிப்பிடித்து நின்றிருக்கிறான். வெளியே ஒரு காபிக்குக்கூட அழைத்ததில்லை.

இன்றோடு நாயகனின் ஒப்பந்தம் முடிகிறது. அடுத்து வருகிற நாயகன் ஐந்தடி எட்டு அங்குலம். எல்மரைக் குறுக்க ஸ்டூடியோவிடம் வழியில்லை. இன்று கேட்காவிட்டால் இனி இர்மாவைப் பார்க்க அவனுக்கு ஒரு காரணமும் இருக்காது.

இதில் ஒரு சிக்கல். தலைக்கு மேல் தொங்கும் மைக்கைச் சரிபார்ப்பதற்காக, பதிலுக்கு நிற்பவர்களும் வசனம் பேசியாக வேண்டும். இர்மா கடமையில் தவறாதவள். தரையில் சாக்பீஸால் குறி போட்ட இடத்தில் நின்றுவிட்டால், யார் எதைக் கேட்டாலும் நாயகியின் வசனம்தான் அவள் வாயில் வரும். எட்டாவது படத்தில் எல்மர், “எங்கம்மா போயிட்டாங்க இர்மா” என்றான். “அப்போ வாங்க, நடனமாடலாம்” என்றாள் அவள். இடைவேளையில் அழுதாள், அது வேறு விஷயம்.

“மோவாயைத் தூக்குய்யா எல்மர்!” காமிராமேன் ஏணி மேலிருந்து கத்தினார். “காதலிக்கிறியா, கீழ விழுந்த பல்லைத் தேடுறியா?”

எல்மர் மோவாயைத் தூக்கினான்.

“வெங்காய நாத்தம்,” என்றாள் இர்மா, உதட்டை அசைக்காமல்.

“ஹீரோ உடம்பு இளைக்கப் பட்டினி கிடக்காரு. அவருக்குப் பதிலா நான்தானே தின்னணும்.”

இர்மாவின் தோள் குலுங்கியது.

“சிரிக்காதம்மா, நிழல் ஆடுது!”

குலுங்கல் நின்றது. எல்மர் மூன்று வாரமாகக் குளியலறையில் ஒத்திகை பார்த்த அழகான வாக்கியங்கள் அத்தனையும் அந்தக் கணத்தில் மறந்துபோயின. மிச்சமிருந்ததைச் சொன்னான்.

“இர்மா, ஃப்ரெஸ்னோவுல எங்கக்கா கோழிப்பண்ணை வெச்சிருக்கா. ஏழு மணிக்கு பஸ். நீயும் வந்துடேன். கல்யாணம் பண்ணிக்கலாம்.”

இர்மா அவன் கழுத்துப்பட்டையைப் பார்த்தாள். சீமாட்டி பார்க்க வேண்டிய இடமும் அதுதான்.

“வர்றேன்.”

“கேக்கலம்மா! இன்னொரு தடவை!” என்றார் ஒலிப்பதிவுக்காரர்.

“வர்றேன்!”

நாற்பது பேருக்குக் கேட்டது. தச்சர்களில் ஒருவன் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எட்டிப் பார்த்தான்.

“இப்ப சரி.”

கல்யாணம் கேட்ட ஆணுக்கு உலகத்திலேயே மிகச் சிறந்த பதில் கிடைத்திருந்தது. அதை ஐந்து பேர் எழுதியிருந்தார்கள்.

“நல்லா மனப்பாடம் பண்ணியிருக்க,” என்றான், சிரித்தபடி.

இர்மா வாயைத் திறந்தாள்.

“வாயை மூடும்மா, கன்னத்துல நிழல் விழுது,” என்றார் காமிராமேன்.

மூடிக்கொண்டாள்.

“அசல் ஆளுங்க வரலாம்!” என்று உதவி இயக்குநர் கூவினார். எல்மரின் கை அவள் இடுப்பிலிருந்து விலகியது. சூதாடியின் கோட்டைக் கழற்றி உடைக்காரியிடம் கொடுத்தான். பின்பக்க வாசல் காவலாளி, “நாளைக்குப் பாக்கலாம் எல்மர்” என்றார். “பாக்கலாம்” என்றான் எல்மர்.

இர்மா அவன் பின்னால் போக முடியாது. சீமாட்டி வீட்டுக்குப் போகும்வரை அவருடைய நகல் அரங்கை விட்டு நகரக் கூடாது.

நாயகன் வந்து, கொட்டாவியை முடித்துக்கொண்டு, நெஞ்சு உருகச் சொன்னார்: “என்னோட வந்துடு.”

சீமாட்டி அவர் கழுத்துப்பட்டையைப் பார்த்தார்.

“வரமாட்டேன்.”

காட்சியைக் காலையிலேயே மாற்றியிருந்தார்கள். சூதாடி கூப்பிட்டதும் ஒரு பெண் போய்விட்டால் நாட்டின் ஒழுக்கம் என்னாவது என்று தணிக்கைக்காரர்கள் கேட்டார்களாம். புதிய பக்கத்தை நீலத் தாளில் தட்டச்சு செய்து அப்போதே எல்லோருக்கும் விநியோகித்தார்கள். இன்றோடு வேலை முடிகிறவனுக்கு எதற்குக் காகிதம் என்று எல்மருக்குக் கொடுக்கவில்லை.

இர்மாவுக்குக் கொடுத்திருந்தார்கள்.