ஏணியின் உயரம்

“பொய்யான உயரத்தை மெஷின்ல போட்டீங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.”

“போட்டேன் சார்,” என்றார் நர்ஸ்.

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். விசாரணை என்று பெயர். வேலைநீக்க உத்தரவு ஏற்கனவே டைப் ஆகி, அவர் முழங்கைக்கு அடியில் கிடந்தது.

கிடங்கு வாசலில் இருக்கிறது அந்த மெஷின். சுமை தூக்குகிற ஒவ்வொருவரும் காலையில் அதன் மேல் ஏறி நிற்க வேண்டும். எடையை அதுவே பார்த்துக்கொள்ளும். உயரத்தை நர்ஸ் அளந்து பட்டனில் தட்டுவார். இரண்டையும் வைத்து அது பி.எம்.ஐ. கணக்குப் போடும். பச்சை விளக்கு எரிந்தால் உள்ளே போகலாம். சிவப்பு எரிந்தால் அன்றைக்கு வேலை கிடையாது.

எல்லோரும் ‘ஏணி’ என்று கூப்பிடும் தொழிலாளியின் உயரம் நூற்று எண்பத்தேழு சென்டிமீட்டர். நர்ஸ் தினமும் தட்டியது நூற்று எண்பத்தொன்று.

“அந்த ஆளுக்கு மட்டும் உயரத்தைக் குறைச்சிருக்கீங்க. அப்படி என்ன அவன் மேல தனி அக்கறை?” மேனேஜர் சிரித்தார்.

“சார், வார்த்தையை அளந்து பேசுங்க,” என்றார் சங்கச் செயலாளர்.

“நீங்க சாட்சிக்கு வந்திருக்கீங்க. சும்மா உட்காருங்க.”

மேனேஜர் மறுபக்கம் திரும்பினார். அங்கே மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த பெண்தான் அந்த மெஷினுக்குப் புரோகிராம் எழுதியவள். மெஷினுக்குள் இருப்பது சின்னச் சில்லு என்பதால் ஒவ்வொரு கட்டளையையும் அசெம்பிளி மொழியில் உட்கார்ந்து எழுதியிருந்தாள். வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. தலைமை அலுவலகத்தில் இருப்பவள். நர்ஸை நேரில் பார்ப்பதே இன்றைக்குத்தான்.

“ஒரே ஒரு வாக்கியம் போதும்மா. புரோகிராம்ல தப்பே இல்லைன்னு சொல்லிட்டுப் போயிடு. உன்னை நிரந்தரம் பண்ற ஃபைல் எங்கிட்டதான் வருது, ஞாபகம் இருக்குல்ல?”

அவளுக்கும் நர்ஸ் மேல் கோபம்தான். ஒழுங்காக எழுதிய புரோகிராமில் பொய்யைக் கொட்டினால்?

“சொல்றது எதுக்கு சார்? ஓட்டியே காட்டிடறேன். அப்புறம் யாரும் வாயைத் திறக்க முடியாது.”

ஏணியின் எடை எண்பத்தைந்து. உயரம் நூற்று எண்பத்தேழு. இரண்டையும் போட்டாள்.

சிவப்பு.

“பார்த்தீங்களா! தகுதியே இல்லாத ஆளை உள்ளே விட்டிருக்காங்க!” மேனேஜர் மேஜையைத் தட்டினார்.

“எதுக்கு சிவப்பாம்?” என்றார் செயலாளர்.

“எடை போதாதுன்னு சொல்லுது.”

“யாருக்கு, ஏணிக்கா? அவன் உட்கார்ந்தே எங்க ஆபீஸ் பெஞ்சு உடைஞ்சுதும்மா!”

அவள் சிரிக்கவில்லை. நூற்று எண்பத்தொன்று போட்டாள். பச்சை. நூற்று எண்பத்திரண்டு. சிவப்பு.

புரோகிராமை ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்தி ஓட்டினாள். வகுத்தல் வரியில் வந்து நின்றதும் அவள் முகம் வெளுத்தது.

“என்னம்மா, சீக்கிரம்.”

“உயரத்தை உயரத்தாலேயே பெருக்கி வகுக்கணும் சார். நூற்று எண்பத்தொண்ணுக்கு மேல போனா அந்தப் பெருக்கல் ரொம்பப் பெருசாயிடுது. நான் போட்ட வகுத்தல் கட்டளை அதை மைனஸ்னு எடுத்துக்குது. அவரோட பி.எம்.ஐ. மைனஸ் இருபத்தேழுன்னு வருது. அதான் எடை போதாதுன்னு சிவப்பு காட்டுது.”

“மனுஷன் இருக்கானா, இல்லையா அப்போ?” என்றார் செயலாளர்.

“சோதிச்சுப் பார்க்கலையா நீ?” என்றார் மேனேஜர்.

“எங்க ஆபீஸ்ல இருக்கிற எல்லாரையும் நிக்க வச்சுப் பார்த்தேன் சார். எங்கள்ல யாரும் அவ்வளவு உயரம் இல்லை.”

மேனேஜர் குனிந்து அவள் காதருகே வந்தார். “திருத்துறதை அப்புறம் திருத்திக்கோ. இப்ப நான் சொன்ன வாக்கியத்தைச் சொல்லு.”

அவள் நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ் லேசாகத் தலையசைத்தார், சொல்லிவிடு என்பதுபோல.

அந்தத் தலையசைப்பை அவளால் தாங்க முடியவில்லை.

“தப்பு என்னோடது சார்,” என்றாள் சத்தமாக. “சிஸ்டர் மேல ஒண்ணுமே இல்லை.” பிறகு நர்ஸிடம், “நூற்று எண்பத்தொண்ணுன்னு எப்படி சிஸ்டர் கண்டுபிடிச்சீங்க?”

“எனக்கு இந்த மைனஸ் எல்லாம் தெரியாதும்மா. நாடி பார்த்தேன், மூச்சு பார்த்தேன், ஆளு நல்லா இருந்தார். வேலை போயிடுமேன்னு உயரத்தை ஒவ்வொண்ணா குறைச்சேன். அங்கே வந்ததும் பச்சை எரிஞ்சுது.”

செயலாளர் எழுந்தார். “இதுக்கு மேல சிஸ்டர் மேல கை வச்சா வெளியில ஒரு மூட்டை நகராது சார்.”

மேனேஜர் முகம் சிவந்தது. விட மனமில்லை. நர்ஸ் பக்கம் விரலை நீட்டினார்.

“மெஷின் சரியில்லைன்னா எனக்கு ரிப்போர்ட் பண்ணணும். அதுதான் விதி. ஏன் பண்ணலை? அதுக்குப் பதில் சொல்லுங்க!”

நர்ஸ் தயங்கினார். அந்தப் பெண்ணை ஒருமுறை பார்த்தார்.

“போன மெஷின் சரியில்லைன்னு ரிப்போர்ட் பண்ணினேன் சார். புரோகிராம் எழுதின தம்பியை மறுநாளே வேலையை விட்டு அனுப்பிட்டீங்க. இதை எழுதினது யாருன்னு எனக்குத் தெரியாது. யாரோ ஒரு வீட்டுப் பிள்ளைன்னு மட்டும் தெரியும்.”