அண்ணனுக்குத் திறக்கும் கோப்பு

"போட்டோ எல்லாத்தையும் அனுப்பு. ஒண்ணையும் விட்டுடாத."

அண்ணனிடமிருந்து வந்த செய்தி அவ்வளவுதான். சின்னு சுழல்நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு முழுச்சுற்றுச் சுற்றினாள்.

கல்யாணத்துக்கு வராத அண்ணன். பதிவு அலுவலகத்தில் கடைசிக் கையெழுத்துப் போடும்வரை எல்லோரையும் வாசலைப் பார்க்க வைத்தவன். "ஊர் என்ன பேசும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு, அதன்பிறகு போனையே எடுக்காமல் இருந்தவன்.

அவன் இறங்கி வந்திருக்கிறான். மனசு மாறுவதற்குள் அனுப்பிவிட வேண்டும்.

நூற்றுக்கணக்கில் படங்கள். ஒவ்வொன்றாக அனுப்பினால் அண்ணன் தாத்தாவாகிவிடுவான். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தர ஒரு செயலி வேண்டும். சின்னுவோ நீச்சல் பயிற்சியாளர். தண்ணீரில் யாரையும் மிதக்க வைத்துவிடுவாள். கணினி முன்னால் உட்கார்ந்தால் அவளுக்கே மூச்சு முட்டும்.

முதலில் இறக்கிய செயலி ஒரு கும்பலையே கூட்டிக்கொண்டு வந்தது. சூதாட்ட விளம்பரம், இளைக்கிற மாத்திரை, திரையின் ஓரத்தில் நின்று கண்ணடிக்கும் ஒரு பெண். எல்லோரையும் வெளியே தள்ளுவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

இரண்டாவது, எல்லோரும் மெச்சிய கெட்டிக்காரச் செயலி. அமுக்கு அமுக்கென்று அமுக்கியது. படங்கள் இளைத்ததென்னவோ நகக்கண் அளவுதான். இருந்தாலும் ஒரே கோப்பாகிவிட்டதே! துள்ளிக்கொண்டு அனுப்பினாள்.

பதில் வந்தது. "இங்க திறக்கல. ஏதோ புரோகிராம் போடச் சொல்லுது. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல எதுவும் போட முடியாது. விடு, பரவாயில்ல."

சின்னு அந்த 'விடு'வைத் திரும்பப் படித்தாள். அண்ணன் ஒன்றை விட்டால் விட்டதுதான். மறுபடி அவனாகக் கேட்கமாட்டான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இவ்வளவு நேரமும் தன் கணினிக்கு எது தோதென்று பார்த்துக்கொண்டிருந்தாள். திறக்க வேண்டியவன் அவனல்லவா?

மூன்றாவதாக எடுத்தது ஒரு சாதுவான இலவசச் செயலி. பெரிதாக ஒன்றும் அமுக்காது. ஆனால் அது கட்டித் தரும் ஜிப் கோப்பை, வேறு எதையும் கேட்காமல் எந்தக் கணினியும் பிரித்துவிடும்.

அனுப்பினாள். நகத்தைக் கடித்தாள். சமையலறையில் புது மாப்பிள்ளை தப்புத் தப்பாகப் பாடிக்கொண்டே பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது.

போன் அடித்தது. அண்ணன்தான். சின்னு பாய்ந்து எடுத்தாள்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் பக்கென்று சிரித்தான்.

"கையெழுத்துப் போடுற நேரத்துல பேனாவைக் கீழே போட்டுட்டு அந்த மனுஷன் முழிக்கிற முழி இருக்கே!"

சிரித்து ஓய்ந்ததும் அவனாகவே கேட்டான்.

"கல்யாணப் பொண்ணுகிட்ட போனைக் குடு, சின்னு."

சின்னு சமையலறைக்கு ஓடினாள். மாப்பிள்ளையைத் தோளால் இடித்துப் பாட்டைத் திருத்திக்கொண்டிருந்தவளிடம் போனை நீட்டினாள்.

"இந்தாம்மா. உன் பிள்ளைதான்."