பொழுதிறங்குமுன் ஒரு போன்

செல்போன் அடித்தது. யாரென்று பார்த்த ஸ்ரேயாம்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டு கட் செய்தான்.

"எடுங்களேன். அவசரமா இருக்கப்போவுது" என்றாள் டெய்சி. தன் போனுக்கு உறை வாங்க வந்தவள்.

"ஆத்திரமும் இல்ல, அவசரமும் இல்ல. மேல்சித்தாமூர்ல இருந்து எங்க அக்கா. பொழுது எறங்கறதுக்குள்ள சாப்டியான்னு கேக்கும். சாப்டேன்னா வச்சிடும். தெனம் இதே கூத்து."

"நீங்க ஜெயின் ஆளுங்க இல்ல? இருட்டினா சாப்பிட மாட்டீங்களே?"

"அக்கா சாப்பிடாது. நான் கடைய மூடிட்டு எப்பவோ சாப்பிடறேன். அத வேவு பாக்கத்தான் இந்த போன். எடுத்தா, சாப்டேன்னு ஒரு பொய்யச் சொல்லணும்."

டெய்சி சிரித்தாள். ஸ்ரேயாம்சும் சிரித்து வைத்தான். ஆனால் உள்ளே சுருக்கென்றிருந்தது. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்போன் கடை வைத்திருப்பவனின் அக்கா கையில் இன்னும் பட்டன் போன். அதிலும் பச்சைப் பொத்தானையும் சிவப்புப் பொத்தானையும் தவிர மற்றதெல்லாம் புத்தம் புதுசாக இருக்கும். 'பிறகு பேசுகிறேன்' என்று இவன் தமிழில் தட்டி அனுப்பினால் அங்கே எழுத்துக்குப் பதில் வெறும் கட்டம் கட்டமாகப் போய் விழும்.

ஞாயிற்றுக்கிழமை கடையைச் சீக்கிரமே சாத்தினான். பெரிய திரை வைத்த புது போன் ஒன்றை எடுத்துக்கொண்டு மேல்சித்தாமூருக்கு பைக்கை விட்டான். பாசத்தில் போனான் என்று நினைத்துவிட வேண்டாம். தொல்லை ஒழியட்டும் என்றுதான்.

போய்ச் சேரும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. அக்கா இந்துமதி வாசலுக்கே வந்துவிட்டாள்.

"வாடா தம்பி. சாப்டியா?"

"வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டியா? நான் இன்னா சோத்துக்கா வந்தேன்?"

"அவரக்கா கொழம்பு வச்சிருக்கேன்டா. வெளிச்சம் இருக்கும்போதே ரெண்டு வாய்..."

"அதெல்லாம் அப்புறம். மொதல்ல இதப் பாரு."

அக்கா புருஷன் ஜீவராஜ் ஓரமாக உட்கார்ந்து மல்லாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தார். ஸ்ரேயாம்ஸ் கடையில் பேசுவது போலவே ஆரம்பித்தான்.

"இதுல படம் பாக்கலாம். பாட்டு கேக்கலாம். கோயில் பூசைய இங்கேர்ந்தே பாக்கலாம். பேசறதெல்லாம் எங்கியோ ஒரு மூலையில கெடக்குது."

"எனக்கு அந்த மூலை போதுமே."

"அதத்தான் வேணாங்கறேன். இனிமே கூப்பிடாதக்கா. மெசேஜ் போடு. நானும் சாப்டேன்னு கட்டவெரல் படம் ஒண்ணு போட்டுடறேன். ஆச்சா?"

"உன் கொரலு கேக்காதேடா."

"கொரலுல இன்னா இருக்குது? நான் இன்னா பாட்டுக்காரனா? கடையில நாலு பேரு சிரிக்கிறாங்க. எனக்கு மானம் போவுது."

இந்துமதி வாசல் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். வெளிச்சம் போய்விட்டிருந்தது. எழுந்து அடுப்படிக்குப் போய், ஒரு தட்டோடு பின்கட்டுக்கு நடந்தாள். தட்டில் இருந்த சோற்றை மாட்டுத் தொட்டியில் தள்ளுவது ஸ்ரேயாம்ஸ் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே தெரிந்தது.

"இன்னா மாமா, நல்ல சோத்தக் கொண்டுபோயி மாட்டுக்குக் கொட்டுது?"

"அது உங்க அக்கா சோறு."

"எம்மேல கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல மச்சான். வேண்டுதல்." ஜீவராஜ் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கொரோனா வந்து நீ விழுப்புரத்துல ஆஸ்பத்திரியில கெடந்தே. எங்கள உள்ள விடல. உனக்குக் கஞ்சி கூட எறங்கல. சாயந்தரமானா நர்சம்மா போன உன் காதுல வைக்கும். நீ மூச்சு வாங்கிக்கிட்டே, சாப்டேன்க்கான்னுவ. அதக் கேட்டுட்டுத்தான் உங்க அக்கா வாயில சோறு வைக்கும். தம்பி பொழச்சி வந்தா ஆயுசுக்கும் இப்படியேன்னு கோயில்ல வேண்டிக்கிச்சி."

"எப்படியே?"

"சாப்டேன்னு நீ சொல்லணும். அத காதால கேக்கணும். இல்லன்னா அன்னிக்கி சாயந்தரம் சோறு கெடையாது. இருட்டினப்புறம்தான் நாங்க தொடமாட்டமே."

ஸ்ரேயாம்சுக்கு மூஞ்சியில் அறைந்தது போல இருந்தது. பேரம் பேசுகிற ஆள் முன்னால் கட் செய்தது, டீ குடிக்கும்போது கட் செய்தது, சும்மா உட்கார்ந்திருந்தபோது எரிச்சலில் கட் செய்தது. அத்தனை சாயங்காலமும் அக்கா பட்டினி கிடந்திருக்கிறாள். இன்றைக்கு வீடு தேடி வந்தும் அந்த ஒரு வார்த்தையை அவன் சொல்லவில்லை. வெட்கத்தில் உடம்பே கூசியது.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா மாமா?"

"சொல்றேன்னுதான் சொன்னேன். உங்க அக்காதான், தெரிஞ்சா பயந்துக்கிட்டு எடுப்பான், அது வேணாம்னுடுச்சி."

கையிலிருந்த புது போனை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவன் முழித்துக்கொண்டிருந்தபோது, இந்துமதி கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். லைட்டைப் போட்டாள். மூடி வைத்திருந்த இன்னொரு தட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"எனக்கு வேணாம்க்கா" என்றான்.

"சாப்டுறா" என்றாள் அவள். "நீ தெனம் ராத்திரியிலதான் சாப்பிடறேன்னு எனக்குத் தெரியாதா இன்னா?"