மாடிப்படி விளக்கு

“நீங்களே போட்டுடுங்க சார். எனக்கு இது வராது” என்று அவள் ஸ்க்ரூ டிரைவரை நீட்டினாள்.

வாத்தியார் நாற்காலியில் இருந்தவர் அதை வாங்கவில்லை. “நான் எதுக்குப் போடணும்? பரீட்சை எனக்கா, உனக்கா?” என்று வள்ளென்று விழுந்தார்.

காலையில்தான் பிரின்ஸிபால் இந்தப் புது ஆளைக் கூட்டிவந்து, “இன்னிக்கு சார் உங்ககூட இருப்பார்” என்று விட்டுவிட்டுப் போனார். வந்ததிலிருந்து கடிகாரத்தைப் பார்ப்பதும் உச்சுக் கொட்டுவதும்தான் வேலை. மதியத்துக்குள் அவள் அவருக்குச் சிடுமூஞ்சி என்று பெயர் சூட்டிவிட்டாள்.

மாற்றலாகிப் போன பழைய வாத்தியார் இப்படியில்லை. கை லேசாகத் தடுமாறினால் போதும், “தள்ளு, நீ தொட்டா ஃபியூஸ்தான் போகும்” என்று பிடுங்கி அவரே முடித்துவிடுவார். எலக்ட்ரீஷியன் படிப்பில் அவள் உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஸ்க்ரூ டிரைவரை நீட்டுவது ஒன்றைத்தான்.

அதன் பலனாகச் செய்முறைத் தேர்வில் ஏற்கெனவே ஒரு முறை மண்ணைக் கவ்வியாயிற்று. நாளைக்கும் கோட்டைவிட்டால் படிப்பை நிறுத்திவிட்டு அக்கா வீட்டுக்குப் பிள்ளை பார்க்கப் போக வேண்டியதுதான் என்று அப்பா கறாராகச் சொல்லியிருந்தார்.

மற்றவர்கள் முடித்துவிட்டுக் கை கழுவப் போயிருந்தார்கள். மாடிப்படி விளக்கு என்றால் கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். எதைத் தட்டினாலும் எரியவும் வேண்டும், அணையவும் வேண்டும். அவளுடைய பலகையிலோ மேல் சுவிட்சில் அணைத்தால் கீழ் சுவிட்சில் எரிய மறுத்தது.

“எங்க தப்புன்னாவது சொல்லுங்க சார்.”

“நீ சொல்லு. கரண்டு எப்படி வருது?”

திமிரைப் பார்! “மெயின்லேருந்து முதல் சுவிட்சோட நடு முனைக்கு.”

“ஏன், ஓரத்துல குடுத்தா என்ன?”

வேண்டுமென்றே வாயைக் கிளறுகிறார். “நடு முனைதான் சார் ரெண்டு பக்கமும் மாறும்!” என்றாள் வெடுக்கென்று.

“கத்தாதே. அப்புறம்?”

“ரெண்டு ஓரத்துலேருந்தும் ரெண்டு வயர், அடுத்த சுவிட்சோட ரெண்டு ஓரத்துக்கு.”

“அங்கேருந்து?”

“நடு முனையிலேருந்து பல்பு...”

பலகையில் ஓடிய விரல் நின்றுவிட்டது. பல்பு வயரை ஓரத்திலும் ஓர வயரை நடுவிலும் அல்லவா மாட்டியிருந்தாள்!

பழக்கதோஷம், கை தானாக ஸ்க்ரூ டிரைவரை நீட்டியது. சிடுமூஞ்சி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உன் தயவு யாருக்கு வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, மெயினை அணைத்து, இரண்டு வயரையும் கழற்றி இடம் மாற்றி முறுக்கினாள்.

மறுபடி மெயின் சுவிட்சில் அவள் கை வைத்ததும் அவர் நாற்காலியோடு நாலடி பின்னால் நகர்ந்தார். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. நான் தொட்டால் வெடிக்கும் என்று இவருக்கும் நினைப்பு!

கீழ் சுவிட்சைத் தட்டினாள், எரிந்தது. மேல் சுவிட்சைத் தட்டினாள், அணைந்தது. மறுபடி கீழே தட்டினாள், பளிச்சென்று எரிந்தது. இது முழுக்க முழுக்க அவள் போட்டது.

அடுத்த நிமிஷமே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “நடு முனைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா காலையிலேயே முடிஞ்சிருக்கும். வேணும்னே அலைக்கழிச்சீங்க, இல்ல?”

அவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“தெரிஞ்சா சொல்ல மாட்டேனாம்மா? நான் ஆபீஸ் கிளார்க்கு, உங்க வாத்தியார் அடுத்த வாரம்தான் வர்றாரு!”