இன்னும் ஒரு ஆள்

குளிர்கால விடுமுறைக்கு மகள் தன் தோழிகளை வீட்டுக்கு அழைத்திருந்தாள். காகிதத்தில் பனிப்பூ வெட்டினார்கள், பஞ்சை உருட்டிப் பனிப்பந்து எறிந்தார்கள். கடைசியாகக் கண்ணாமூச்சி. ஒளிந்தவர்கள் எல்லோரும் அகப்பட்டுவிட்டார்கள், ஒரு ஆளைத் தவிர.

அம்மா வீடு முழுக்கத் தேடினாள். கட்டிலுக்கு அடியில் பார்த்தாள், மாடிப்படிக்குக் கீழே பார்த்தாள். காணோம். தெருக்கதவு வேறு திறந்து கிடந்தது.

வெளியே தேடப் போன கணவன் மூச்சிரைக்கத் திரும்பி வந்தான். "தெரு முழுக்கப் பாத்துட்டேன், இல்லை."

"ஐயோ, இந்தக் குளிரு தாங்காதுங்க. யாராவது பேரு கேட்டாக்கூடச் சொல்லத் தெரியாதே!" என்றவள், மகளிடம் பாய்ந்தாள். "வேண்டாம்னு தலையால அடிச்சுக்கிட்டேன். நீதான்டி விளையாட்டுல சேர்த்தே!"

"எல்லாரும் விளையாடறதைத் தனியா உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தா, பாவமா இல்லையாம்மா?" மகளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது துணி அலமாரிக்குள் லேசாக ஒரு இருமல் கேட்டது. அம்மா பாய்ந்து போய்க் கதவைத் திறந்தாள்.

தொங்கிய கோட்டுகளுக்கு நடுவே, நரைத்த தாடியில் பஞ்சு ஒட்டியிருக்க, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அவளைப் பெற்ற அப்பா. பெற்ற மகளான அவள் முகமே மறந்துபோய், வெகுநாளாகச் சிரிப்பையும் மறந்திருந்த மனிதர், இப்போது வாய்கொள்ளாமல் சிரித்தார்.

"அக்கா, கதவைச் சாத்துக்கா," என்று கிசுகிசுத்தார். "புடிச்சிடப் போறாங்க!"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள்.

"இங்க யாரும் இல்லைடி," என்றாள் மகளிடம். "வேற எங்கயாவது போய்த் தேடு."